மாண்டரின் (சீன மொழி) கற்கத் தொடங்குவோர் எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலில் எழுத்து முறையை முடிவு செய்யுங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிதாக்கிய எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து. தொடக்கத்திலேயே இரண்டையும் கலந்தால் பல சொற்களை இருமுறை மனப்பாடம் செய்ய நேரும்.

ஒலிப்பதிவு இல்லாத பாடநூல் வேண்டவே வேண்டாம். 4 தொனிகளில் (குரலின் ஏற்ற இறக்கங்களில்) 'மா' என்பது அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று பொருள் மாறும். நூலை எடைபோட எளிய வழி, 'நீ ஹாவ்' (வணக்கம்) வரும் பாடத்தைத் திறப்பது. இரண்டு அசைக்கும் 3ஆம் தொனிக்குறி இருக்கும். பேசும்போதோ முதல் அசை 2ஆம் தொனிக்கு மாறிவிடும். இதை விளக்காத நூலை அப்படியே வைத்துவிடுங்கள். மூச்சுக்காற்றோடு ஒரு 'ப', காற்றில்லாமல் இன்னொன்று என்ற வேறுபாட்டைக் கேட்டுப் பழகப் பயிற்சி உண்டா என்றும் பாருங்கள். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் நம் காது அதை எளிதில் தவறவிடும்.

ஒவ்வொரு எழுத்தின் தலைமேலும் பின்யின் (ஒலிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் முறை) அச்சாகியிருந்தால் கண் அதைத்தான் படிக்கும். மறைத்துப் படிக்கும்படி தனி வரியில் இருப்பது நல்லது.

இதனுடன் ப்ளெகோ (Pleco) அகராதிச் செயலி, சொற்களை அட்டைகளாக மீண்டும் மீண்டும் காட்டும் அங்கி (Anki) செயலி போதும். நாளுக்கு 10 புதிய அட்டைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சில வாரங்களில் மீள்பார்வை மலைபோல் குவிந்துவிடும்.