சிவப்புக் கண் சுண்டெலி: எந்த மரபணு என்று கண்டுபிடிப்பது எப்படி?

சிவப்புக் கண் சுண்டெலிகள் இரண்டை ஜோடி சேர்த்தால், சில சமயம் குட்டிகள் அத்தனையும் கறுப்புக் கண்ணோடு பிறக்கும். பெண் ஏற்கெனவே சினையாக வந்ததோ என்று சந்தேகப்பட வேண்டாம். கண் சிவக்க வழி ஒன்றல்ல.

முதல் வழி சி (c) மரபணு. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தருவது இதன் வேலை. அது கெட்டால் மெலனின் என்ற நிறமியே உருவாகாது. ரோமம் வெள்ளை, கண்ணில் தெரிவது இரத்தத்தின் நிறம். இரண்டாவது பி (p) மரபணு. இது கெட்டால் கறுப்பு நிறமி வெகுவாகக் குறையும், மஞ்சள் அநேகமாகத் தப்பும். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். கெட்ட வடிவம் இரண்டிலுமே ஒடுங்குத்தன்மை கொண்டது, அதாவது இரண்டு பிரதியும் கெட்டால்தான் வெளியே தெரியும். ஒரு பெற்றோருக்கு சி, மற்றதற்கு பி கெட்டிருந்தால், குட்டிக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துக் கண் கறுக்கும். நல்லதை +, கெட்டதை − என்று குறிப்போம்.

1. ரோமத்தைப் பாருங்கள். உடல் முழுக்க வெளிர் மஞ்சளோ சாம்பலோ இருந்தால் பி−பி−. மூக்கு, காது, வால் மட்டும் கறுத்திருந்தால் அது ஹிமாலயன்: உடல் சூட்டில் முடங்கி, குளிர்ந்த நுனிகளில் மட்டும் வேலை செய்யும் நொதி, அதாவது சி மரபணுவின் இன்னொரு வடிவம். முழு வெள்ளை என்றால் பெரும்பாலும் சி−சி−. அதன் பி என்னவென்று தோற்றத்தை வைத்துச் சொல்லவே முடியாது; வெள்ளை எல்லாவற்றையும் மூடிவிடும்.

2. அந்த வெள்ளையை பி−பி− சி+சி+ எலியோடு சேருங்கள். சினைக்காலம் 19–21 நாள் என்பதால், பெண்ணை முன்னதாக மூன்று வாரம் தனியே வையுங்கள்.

3. பிறந்த குட்டியின் மூடிய இமைக்கடியில் கரும்பொட்டு தெரிந்தால் கறுப்புக் கண். கண் திறக்கும் 12–14ஆம் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.

4. ஒரு குட்டிக்குக் கறுப்புக் கண் இருந்தாலே வெள்ளையிடம் பி+ உண்டு. தொடர்ந்து ஏழும் சிவப்பு என்றால்? வெள்ளை பி+பி− ஆக இருந்து அப்படி நேர வாய்ப்பு 128இல் 1 மட்டுமே. பி−பி− என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் ரோமம் முளைத்ததும் வெள்ளைக் குட்டி தென்பட்டால், நீங்கள் சேர்த்த எலி உண்மையில் சி+சி−. வெள்ளைக் குட்டிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றின் கண் எப்படியும் சிவப்புதான்.

5. பி+பி+ வெள்ளைக்குப் பிறந்த கறுப்புக் கண் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் கறுப்புக் கண்ணும் சிவப்புக் கண்ணும் 9:7 வரும் என்று கட்டம் போட்டுக் காட்டுவார்கள். வராது. இரண்டு மரபணுக்களும் 7ஆம் குரோமோசோமில், சுமார் 15 சென்டிமார்கன் இடைவெளியில் (அதாவது நூற்றில் சுமார் 15 தடவைதான் பிரிந்து கலக்கும் நெருக்கத்தில்) இருக்கின்றன. மரபியலாளர் ஹால்டேன் 1915இலேயே இந்தப் பிணைப்பை, அதாவது இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுவதை, சக ஆய்வாளர்களோடு காட்டிவிட்டார். ஆகவே கறுப்புக் கண் ஏறக்குறைய பாதிதான். இரண்டும் கெட்ட குட்டி 16க்கு ஒன்றல்ல, சுமார் 180க்கு ஒன்று. அதுவும் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்; அடையாளம் காண மறுபடி இரண்டாம் படிக்கே போக வேண்டும்.