ஜிசாக் புரபோசல்: எந்த வேலையை எடுப்பது, எதை முதலில் முடிப்பது

புதியவர்கள் திறமூல மென்பொருள் அமைப்புகளுக்குக் கோடு (நிரல்) எழுதி உதவித்தொகை பெறும் கூகுளின் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடில் (சுருக்கமாக ஜிசாக்) அந்த ஆண்டு பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாக பிப்ரவரி கடைசியில் வெளியாகும். அதைத் திறந்ததும் பலரும் செய்வது, தங்களுக்குத் தெரிந்த பெரிய பெயர்களைத் தேடுவதுதான். ரெஸ்யூமேயில் போட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்து அமைப்பை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும், எங்கே உடைகிறது என்று உங்களுக்கே தெரிந்த மென்பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். அப்படி எதுவும் பட்டியலில் இல்லையென்றால், ஒன்றை நிறுவி, ஒரு வாரமாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமைப்புகள் தங்களுக்கு வேண்டிய வேலைகளைச் சொல்லி வெளியிடும் ஐடியா பட்டியலில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. புரபோசல்கள் (வேலைத் திட்டத்தோடு கூடிய விண்ணப்பங்கள்) வந்து சேர்ந்த பிறகுதான் ஒவ்வோர் அமைப்பும் தனக்கு எத்தனை இடங்கள் வேண்டும் என்று கூகுளிடம் கேட்கும். கேட்டதெல்லாம் கிடைக்காமலும் போகலாம். அதனால் மென்டார்கள் (அமைப்பின் வழிகாட்டிகள்) தங்களுக்குள் வரிசை போட்டுத்தான் ஆகவேண்டும். எந்த ஐடியா அவர்களுக்கு அவசரம் என்பதை நீங்கள் முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அது தொடர்பான இஷ்யூவில் (குறை, கோரிக்கைகளைப் பதியும் பக்கத்தில்) பயனர்கள் வந்து கேட்கிறார்களா, மென்டார் அந்தப் பகுதி கோடில் அண்மையில் வேலை செய்திருக்கிறாரா, கேள்வி கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள். புதியவர்கள் அனுப்பிய கடைசிப் பத்து புல் ரிக்வெஸ்ட்களை (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை) திறந்து, முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது என்று பார்ப்பது இன்னும் நல்லது. அமைப்பின் பெயரைவிட இந்த ஒரு விவரம் உங்கள் கோடைகாலத்தை அதிகம் பாதிக்கும்.

விண்ணப்பத்துக்கு முன் செய்யும் சின்னச் சின்னப் பங்களிப்புகளிலும் தேர்வு முக்கியம். எழுத்துப்பிழை திருத்தம் இருபது அனுப்புவதைவிட, நீங்கள் எடுக்க நினைக்கும் ப்ராஜெக்ட் தொடும் அதே பகுதியில் ஒரு நடுத்தர பக்கை (கோளாறை) சரிசெய்வது எவ்வளவோ மேல். மென்டாருக்கு உங்கள் கோடும், ரிவ்யூவுக்கு (அவர் கோடைப் படித்துச் சொல்லும் கருத்துகளுக்கு) நீங்கள் பதில் சொல்லும் விதமும் தெரியவரும். அந்தக் கோடு உங்களுக்கு ஒத்துவருமா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். கண்ணில் படும் இஷ்யூவிலெல்லாம் "இதை எனக்குக் கொடுங்கள்" என்று எழுதிவிட்டு ஆளைக் காணாமல் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். யாராவது செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்து மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

ஒருவர் 3 புரபோசல் வரை அனுப்பலாம், தேர்வாவது ஒன்றுதான். மூன்று வாய்ப்பு இருக்கிறதே என்று மூன்றையும் அரைகுறையாக எழுதுவதைவிட ஒன்றை முழுதாக எழுதலாம், மிஞ்சினால் இரண்டு. ஏஐ எழுதிக் கொடுத்த நீளமான புரபோசலில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த மென்பொருளின் கோடு பற்றிய தகவல்தான். எந்தக் கோப்பில், எந்த ஃபங்ஷனில் கை வைக்கப் போகிறீர்கள், ஏன் அங்கே என்பதைச் சொல்லும் அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

2024 முதல் ப்ராஜெக்ட்கள் 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் இருக்கின்றன. பெரியதற்கு உதவித்தொகை அதிகம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு 350-ஐ எடுப்பவர்கள் உண்டு. வழக்கமான 12 வாரத்தில் அதை முடிக்க வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் செமஸ்டர் தேர்வோ இன்டர்ன்ஷிப்போ வந்தால் என்ன செய்வீர்கள்? மென்டாரோடு பேசி 22 வாரம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. தேர்வுத் தேதிகளைப் புரபோசலிலேயே எழுதிவிடுங்கள். அதை மறைத்துவிட்டு ஜூனில் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

சரி, தேர்வாகிவிட்டீர்கள். நல்ல ப்ராஜெக்ட்கள்கூட இதற்கு மேல்தான், வேலையின் வரிசை தப்பாக இருப்பதால், கெட்டுப் போகின்றன. புரபோசல்களில் அடிக்கடி வரும் அட்டவணை இப்படி இருக்கும்: முதல் மூன்று வாரம் படிப்பு, அடுத்த மூன்று வாரம் உள்கட்டமைப்பு, பிறகு பயனர் திரை, பத்தாவது வாரம் டெஸ்ட், கடைசி வாரம் ஆவணம். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது வாரம் வரை யாரும் ஓட்டிப் பார்க்க எதுவும் இருக்காது. பாதியில் வரும் மிட்டேர்ம் மதிப்பீட்டில் காட்டவும் எதுவும் இருக்காது. எங்காவது இரண்டு வாரம் தாமதமானால் முதலில் பலியாவது டெஸ்ட்டும் ஆவணமும்தான். அவை இல்லாமல் வரும் கோடு எதையும் மெர்ஜ் செய்ய (மூல மென்பொருளில் சேர்க்க) எந்த மென்டாருக்கும் மனம் வராது.

ஒரு படம் வரையும் மென்பொருளில் புதிய கோப்பு வகை ஒன்றைத் திறக்கும் வசதி சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகையின் எல்லா அம்சங்களையும் படிக்கும் பார்ஸரை முதலில் எழுதி முடிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாமல், ஒரே ஒரு லேயர் உள்ள மிக எளிய கோப்பு, மெனுவில் தேர்ந்தெடுத்ததும் திரையில் தெரிய வேண்டும் என்பதை முதல் இலக்காக வையுங்கள். அதற்கு ஒரு டெஸ்ட், ஆவணத்தில் நான்கு வரி, அதோடு மெர்ஜ். அடுத்ததாக எடுக்க வேண்டியது, இது முடியுமா என்று உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் பகுதி. சுருக்கப்பட்ட தரவைப் பிரிப்பதோ, ஏற்கெனவே இருக்கும் லைப்ரரியோடு ஒத்துப்போவதோ, எதுவாகவும் இருக்கலாம். கடினமானதைக் கடைசிக்கு ஒத்திப்போட்டால், அது முடியாது என்று தெரியும்போது திட்டத்தை மாற்ற நேரம் இருக்காது. ஜூனில் தெரிந்தால் மென்டாரோடு உட்கார்ந்து வேறு வழி பார்க்கலாம்.

மீதி அம்சங்களை "இருந்தே ஆகவேண்டியவை", "நேரம் இருந்தால்" என்று இரண்டாகப் பிரியுங்கள். இதை நீங்களே முடிவு செய்யாமல், மே மாதத்தில் கோடிங் தொடங்கும் முன் வரும் அறிமுகக் காலத்தில் மென்டாரோடு பேசிப் பிரிப்பது நல்லது. நமக்கு அழகாகத் தோன்றும் அம்சம் பயனருக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். நடுவில் புது யோசனை வந்தால் இஷ்யூவாகப் பதிந்து வைத்துவிட்டு, கையில் இருப்பதைத் தொடருங்கள்.

அட்டவணையில் யாரும் எழுதாத ஒன்று ரிவ்யூ நேரம். மென்டார்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வேலையும் குடும்பமும் இருக்கும். ஒரு புல் ரிக்வெஸ்ட் ஒரு வாரம் காத்திருப்பது சாதாரணம். நான்காயிரம் வரியை ஆகஸ்டில் ஒரே மூட்டையாக அனுப்பினால் அதை நிதானமாகப் படிக்க அவர்களுக்கு வழியே இல்லை. சிறு துண்டுகளாக அனுப்பி, ஒன்று ரிவ்யூவில் இருக்கும்போது அதைச் சாராத அடுத்ததைத் தொடங்குங்கள். கடைசி இரண்டு வாரங்களில் புது அம்சம் எதையும் தொடங்காதீர்கள், ரிவ்யூவில் சொன்ன திருத்தங்களுக்கே அந்த நேரம் சரியாக இருக்கும்.

இறுதி மதிப்பீட்டுக்கு நீங்கள் செய்த வேலையைக் காட்டும் பொது இணைப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மெர்ஜ் ஆனவற்றை மட்டும் அடுக்காமல், முடியாமல் நிற்பது எது, கோடின் எந்தக் கிளையில் (தனிப் பிரதியில்) இருக்கிறது, எங்கே சிக்கியது என்றும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இஷ்யூ திறந்து வையுங்கள். அடுத்து அதை எடுப்பவர் நீங்களாகவும் இருக்கலாம், அடுத்த ஆண்டு வரும் இன்னொரு புதியவராகவும் இருக்கலாம்.