லைப்ரரி டேட்டாபேஸில ஆர்ட்டிகிள் தேடுறது எப்பிடி? கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை வச்சே பாப்பம்

அசைன்மென்ட்டுக்கு அஞ்சு ஜேர்னல் ஆர்ட்டிகிள் வேணும் எண்டு சேர் சொன்ன உடன எல்லாரும் கூகுளைத்தான் திறப்பினம். நானும் அதைத்தான் செய்தனான், ரெண்டு நாள் டேட்டா முடிஞ்சதுதான் மிச்சம், தொட்டதெல்லாம் டொலரில காசு கேட்டுது. அதில பாதி எங்கட லைப்ரரிக்குள்ளால போனா சும்மா திறக்கும் எண்டு பிறகுதான் ஒரு அக்கா சொன்னவ. (ஃபர்ஸ்ட் இயரில லைப்ரரி ஓரியன்டேஷன் வச்சவை, நான் போகேல்ல.)

முதல் லைப்ரரி வெப்சைட்டுக்குப் போய் ஈ-ரிசோர்சஸ் எண்ட இடத்தைத் தேடுங்கோ, ஜேர்னல் டேட்டாபேஸ் எல்லாம் அங்கதான். புத்தகம் தேடுற கட்டலொக் வேற, அதுக்கை ஆர்ட்டிகிள் தேடி மினக்கெடாதேங்கோ. கம்பஸ் வைஃபையில எண்டா டேட்டாபேஸ் பெரும்பாலும் தானாத் திறக்கும், அது பாக்கிறது கம்பஸின்ர ஐபி அட்ரஸை. மாங்குளத்திலயோ புதுக்குடியிருப்பிலயோ வீட்டில இருந்து பாக்கிறதெண்டா ரிமோட் அக்சஸ் லொகின் வேணும், லீவுக்குப் போக முதலே கவுண்டரில கேட்டு எடுத்து வையுங்கோ.

இனி என்ன சொல்லுப் போட்டுத் தேடுறது எண்டு பாப்பம். இதிலதான் எல்லாரும் கவிழுறது. "இரணைமடுத் தண்ணியும் கிளிநொச்சி நெற்செய்கையும்" எண்டு தலைப்பை முழுசா அடிச்சா ஒண்டும் வராது. இரணைமடு, நெல், நீர்ப்பாசனம் எண்டு மூண்டாப் பிரிச்சு இங்கிலீஷில அடிச்சு நடுவில பெரிய எழுத்தில ஆண்ட் (AND) போடுங்கோ, மூண்டும் இருக்கிறது மட்டும் வரும். ஒரே கருத்துச் சொல்லுகளுக்கு நடுவில ஓர் (OR, ஏதாவது ஒண்டு இருந்தாலும் வரும்) போட்டு அதுகளை அடைப்புக்குறிக்குள்ள வையுங்கோ, ஏனெண்டா நெல்லுக்கு நாங்கள் பாடி (paddy) எண்டுறதை வெளிநாட்டுக்காரர் ரைஸ் எண்டுதான் கூடுதலா எழுதுவினம், குளத்துக்கு நாங்கள் சொல்லுற டாங்க் அவைக்கு ரிசர்வோயர், வெறும் டாங்க் எண்டு தேடினா யுத்த டாங்கியும் வந்து நிக்கும்!

அடுத்தது ஊர்ப் பேர். வன்னியை சிலர் வி போட்டு எழுதுவினம், சிலர் டபிள்யூ. முல்லைத்தீவுக்கு ஒரு டி, ரெண்டு டி, டி எச் எண்டு மூண்டு விதம் இருக்கு, இரணைமடுவுக்கு நடுவில ஐ போட்டும் போடாமலும். எல்லாத்தையும் ஓர் போட்டுத் தேடுங்கோ, டேட்டாபேஸுக்கு எங்கட ஊர் தெரியாது. பழைய கட்டுரை எண்டா இன்னொரு சிக்கல், கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல, அதுக்கு முதல் எழுதினதெல்லாம் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளதான் கிடக்கும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல வந்தது. 1972க்கு முதல் எண்டா நாட்டின்ர பேரே சிலோன். வவுனியா பல்கலைக்கழகமும் 2021க்கு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம்தானே, அங்கத்தைய ஆக்கள் எழுதினதைத் தேடேக்க அதையும் யோசியுங்கோ.

ரிசல்ட் வந்தா பக்கத்தில ஃபுல் டெக்ஸ்ட் (முழுக் கட்டுரை), பியர் ரிவியூவ்ட் (வேற ஆய்வாளர் சரிபாத்தது) ரெண்டையும் டிக் பண்ணுங்கோ. அப்ஸ்ட்ராக்டை (கட்டுரைச் சுருக்கத்தை) வாசிச்சிட்டு டவுன்லோட் பண்ணினாப் போதும். முக்கியமா மேல இருக்கிற லிங்கை கொப்பி பண்ணி வைக்காதேங்கோ, பல டேட்டாபேஸில அது லொகின் முடிய செத்துப் போயிடும், பெர்மாலிங்க் எண்ட மாறாத லிங்கை, இல்லாட்டி டிஓஐ (DOI) எண்ட கட்டுரைக்குரிய நிரந்தர நம்பரை எடுங்கோ. ஜேஸ்டோர் (JSTOR) எண்ட டேட்டாபேஸில கன ஜேர்னல்களின்ர கடைசி சில வருசம் இருக்காது, புதுசு வேணுமெண்டா வேற இடம் பாக்கவேணும். இலங்கை விசயத்துக்கு நான் முதல் போறது ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன், அதுக்கு லொகினும் வேண்டாம் காசும் வேண்டாம்.

பேப்பர் செய்தி வேற கதை. வெளிநாட்டு டேட்டாபேஸுகளில தமிழ்ப் பேப்பரை நம்பிப் போகாதேங்கோ, நூலகம் எண்ட பேரிலயே இருக்கிற வலைத்தளத்துக்குப் (noolaham.org) போங்கோ, அங்க ஈழநாடு, உதயன் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கு. பேப்பரின்ர பேரையும் திகதியையும் வச்சுத்தான் தேடோணும். அதால முதல் திகதியைப் பிடியுங்கோ: 2018 டிசம்பர் 21, 22இல இரணைமடுக் கதவு திறந்து வெள்ளம் வந்தது எண்டா அதுக்கு அடுத்த ஒரு கிழமைப் பேப்பர் இருக்கா எண்டு ஒவ்வொண்டாப் பாக்கிறது. அலுப்புத்தான், ஆனா தேடாத செய்தி ரெண்டு மூண்டும் கையில வரும்.

எங்கயும் முழுக் கட்டுரை கிடைக்கேல்லயா, லைப்ரரியனிட்டக் கேளுங்கோ, இல்லாட்டி எழுதினவருக்கே மெயில் போடுங்கோ, அப்ஸ்ட்ராக்டுக்குப் பக்கத்தில பெரும்பாலும் மெயில் அட்ரஸ் இருக்கும். நான் பயந்து பயந்து நாலு வரி எழுதிப் போட்டன், மூண்டாம் நாள் பிடிஎஃப் வந்துது, கூடவே கேக்காத ரெண்டும்.