ஃபென்வே பார்க்கில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது

பாஸ்டன் நகரில் 1912 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க், அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக் மைதானங்களில் இன்றும் பயன்பாட்டில் உள்ள மிகப் பழமையானது. அங்கே ஆட்டம் பார்க்கச் செல்பவர்கள், விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டுச் சீட்டு வாங்கிவிடக் கூடாது. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பார்வையாளர் பகுதியிலேயே நிற்பதால், சில இருக்கைகளிலிருந்து பந்து வீசுபவரோ மட்டையாளரோ முழுமையாகத் தெரிவதில்லை. ஆகவே, பார்வை மறைக்கப்படும் இருக்கை என்ற குறிப்பு சீட்டில் உள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு முதல் பேஸ் (மட்டையாளர் ஓடித் தொட வேண்டிய முதல் நிலை) பக்கம், அதாவது மட்டையாளருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்தான். 'கிரீன் மான்ஸ்டர்' எனப்படும் 37 அடி உயரப் பச்சைச் சுவரும், அதன் அடியில் இன்றும் ஆட்கள் கையால் எண்களை மாற்றும் ஸ்கோர் பலகையும் அங்கிருந்து நேராகத் தெரியும். மாலை வெயிலைத் தாங்க முடியாதவர்களுக்கு இடப்பக்கமுள்ள மூன்றாம் பேஸ் பக்கமே ஏற்றது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே சென்றால், வலப்புறத் திறந்தவெளி வரிசைகளில் பச்சை இருக்கைகளின் நடுவே தனித்திருக்கும் ஒற்றைச் சிவப்பு இருக்கையைத் தேடிப் பாருங்கள். 1946இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து விழுந்த இடம் அது. அப்படி அடிக்கப்பட்ட ஒரே ஒரு பந்துக்காக ஓர் இருக்கையின் நிறத்தையே மாற்றிப் போற்றும் அந்த மக்களின் பற்று என்னை நெகிழவைக்கிறது. மைதானத்துக்குச் செல்ல, 'கிரீன் லைன்' எனப்படும் நகர ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தாலே போதும்.