டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குக் கொம்பெழுத்துகளைப் பழக்க ஓர் எளிய வழி

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை ஒலியோடு இணைத்து வாசிப்பதில் ஏற்படும் கற்றல் சிரமம், உள்ள குழந்தைகள் தமிழ் வாசிக்கையில் தடுமாறக்கூடிய இடங்களில் ஒன்று கொம்பெழுத்துகள். ‘கெ’, ‘கே’ ஆகியவற்றில் செவிக்கு முதலில் எட்டுவது ‘க்’ என்னும் மெய்யொலியாக இருக்க, கண்ணில் முதலில் படுவது கொம்பாக இருக்கிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிலோ உயிர்க்குறியே இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்கிறது.

கெட்டி அட்டையில் க, ப, ம போன்ற எழுத்துகளைக் கறுப்பிலும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றைச் சிவப்பிலும் எழுதித் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். குழந்தை முதலில் ‘க’ அட்டையை வைத்து, ‘கொ’ என்று சொல்லிக்கொண்டே கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் தானே நகர்த்திப் பொருத்தட்டும். பிறகு தட்டில் பரப்பிய ரவையில் அதே எழுத்தை வாய்விட்டு ஒலித்தபடி விரலால் எழுதட்டும். அரிசியில் ‘அ’ எழுதிக் கல்வியைத் தொடங்கும் வழக்கமுள்ள நமக்கு இது புதிதன்று. இரண்டு கொம்புகளும் பார்வைக்கு நெருங்கியவை என்பதால், ஒற்றைக்கொம்பு உறுதிப்படும்வரை இரட்டைக்கொம்பைக் கொண்டுவர வேண்டாம். தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் பழக்கத்தையும் கைவிடுங்கள். அது கையைக் களைப்பாக்குமே தவிர, ஒலியையும் வடிவத்தையும் இணைக்காது. எழுத்து பிடிபட்டதும் கொடி, பொரி, மொட்டு என வீட்டிலேயே காட்டக்கூடிய பொருள்களின் பெயர்களை அட்டைகளால் அமைக்கச் செய்யலாம்.