ஊசி மாறும்போது வயிறு படும் பாடு: எடை குறைப்பு மருந்தை மாற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் பையில் இப்போதெல்லாம் எடை குறைக்கும் பென் ஊசியும் இருக்கிறது. மச்சான் கொண்டுவந்தார், மகன் கொடுத்தனுப்பினான் என்று ஆரம்பிக்கிறார்கள். சில மாதம் ஓடும். அப்புறம் வரத்து நின்றுவிடும். உடனே ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எது கிடைக்கிறதோ அதை வாங்கித் தொடர்வார்கள். விலையைப் பார்த்து மாற்றுபவர்கள் இன்னொரு பக்கம். வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் என்ற மருந்தின் காப்புரிமையும் 2026 மார்ச்சோடு இங்கே முடிந்தது. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது இனி கூடத்தான் செய்யும்.

தாவுவதில் தப்பில்லை. டாக்டரே மாற்றச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு வரும் வாந்தி, புளியேப்பம், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் "புது ஊசி ஒத்துக்கலை" என்று பழி போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மருந்தில் இல்லை, மாற்றிய விதத்தில் இருக்கிறது.

நம்பரைப் பார்த்து ஏமாறுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். வீகோவியின் வழக்கமான உச்ச டோஸ் வாரத்துக்கு 2.4 மி.கி. மவுஞ்சாரோவின் ஆரம்ப டோஸ் 2.5 மி.கி. இரண்டு நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் "நான் போட்டுக்கிட்டிருந்த அளவுதானே" என்று தோன்றும். இல்லை. உள்ளே இருக்கும் மருந்தே வேறு. செமாக்ளூடைட் ஒரு ஹார்மோனின் வேலையைச் செய்கிறது, மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது. இந்த மி.கி.க்கு அந்த மி.கி. சமம் என்று நேர்க்கணக்கு போட முடியாது.

செமாக்ளூடைடின் உச்சத்திலிருந்து 2.5 மவுஞ்சாரோவுக்கு வருகிறவருக்குப் பசி திரும்ப எட்டிப் பார்க்கலாம். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். 2.5 என்பது உடம்பைப் பழக்கும் அளவு, நான்கு வாரம் அதில் இருந்துவிட்டு 5-க்குப் போவது வழக்கம். அதற்குள் "இது வேலை செய்யலை" என்று இரண்டாவது வாரமே 7.5-க்குத் தாவினால் கழிவறையும் கட்டிலுமாகத்தான் அந்த வாரம் போகும்.

எதிர்த்திசையில் ஆபத்து இன்னும் அதிகம். மவுஞ்சாரோ 10 போட்டுக்கொண்டிருந்தவருக்கு 2.4 என்ற எண் சின்னதாகத் தெரியும். "பத்தே தாங்கினேன், இது என்ன பிரமாதம்?" என்று நேராக வீகோவியின் உச்ச டோஸில் இறங்குகிறார். அந்த மருந்து 0.25-ல் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற வேண்டியது. முன்பு எதைப் போட்டார், எவ்வளவு தாங்கினார் என்பதைப் பார்த்து டாக்டர் நடுவில் ஒரு படியில் தொடங்கலாம். ஆனால் அந்தப் படி எது என்பதை நாமே முடிவு செய்வது கூடாது.

குப்பியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மவுஞ்சாரோ குப்பி ஒன்றில் இருப்பது அரை மில்லி. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் அது 50-வது கோடு. நம் ஊர் மெடிக்கலில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்சில் அதே அரை மில்லி 20-வது கோடு. "இருபது வரைக்கும் இழுங்க" என்று ஒருவர் போனில் சொல்வதைக் கேட்டு ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இருபது இழுத்தால், போக வேண்டியதில் பாதிகூட உள்ளே போகாது. யூனிட்டையும் மி.கி.யையும் குழப்பிக்கொண்டு அளவுக்கு மீறிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரிக்கையே வெளியிட்டது. அது அங்கே கலந்து விற்கப்பட்ட செமாக்ளூடைட் குப்பிகளைப் பற்றியது. குழப்பம் மட்டும் இங்கேயும் அதேதான்.

பழைய மருந்து போய்விட்டது என்று நினைப்பது

செமாக்ளூடைடின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். கடைசி ஊசி போட்டு ஒரு வாரம் கழித்தும் உடம்பில் பாதி இருக்கும், இரண்டு வாரத்தில் கால்வாசி. முழுசாக வெளியேற ஐந்து வாரத்துக்கு மேலாகும். டிர்செபடைடுக்கு அரை ஆயுள் சுமார் 5 நாள், அது கரைய மூன்றரை வாரம் பிடிக்கும். இதே வகையில் தினமும் போடும் லிராக்ளூடைட் ஊசி மட்டும் வேறு ரகம், 13 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

அதனால் மாற்றிய முதல் சில வாரங்களில் உங்கள் வயிறு சந்திப்பது புது மருந்தை மட்டுமல்ல. இரண்டும் சேர்ந்துதான் உள்ளே இருக்கின்றன. வார ஊசியிலிருந்து வார ஊசிக்கு மாறும்போது, அடுத்த ஊசி போட வேண்டிய அதே கிழமையில் புதியதைத் தொடங்கச் சொல்வதுதான் வழக்கமான முறை. "கையில் வந்துடுச்சே" என்று மூன்றாம் நாளே போடாதீர்கள். பழைய ஊசியால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது, அது அடங்குவதற்கு முன்பே புதியதைப் போடுவது அதைவிட மோசம். இரண்டு மருந்தும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. குமட்டலுக்குப் பயந்து மாற்றினாலும் குமட்டல் கூடவே வரலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட இடைவெளி விட்டவர்கள் கதை நேரெதிர். ஊசி கிடைக்காமல் ஒன்றரை மாதம் போயிருக்கும். திரும்பக் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்தே, அதாவது பழைய உச்ச டோஸிலிருந்தே தொடர்வார்கள். வயிறு அந்தப் பழக்கத்தை மறந்துபோயிருக்கும். டோஸைக் குறைத்துத் தொடங்கலாமா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் போடுவது

ஓசெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைட்தான். ரைபெல்சஸ் மாத்திரையும் அதே செமாக்ளூடைட். சுகருக்கு ரைபெல்சஸ் விழுங்கிக்கொண்டே எடைக்கு வீகோவி போட்டுக்கொண்டால் அது இரட்டை டோஸ். அமெரிக்காவில் இருக்கும் அக்கா "செப்பவுண்ட்" என்று சொன்னால் அது மவுஞ்சாரோவின் இன்னொரு பெயர். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். சுகருக்கு சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனலிக்ளிப்டின் மாத்திரை எடுப்பவர்கள், ஊசியோடு அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு லோ சுகர் ஆபத்து உண்டு. ஊசி மாறிய வாரங்களில் சாப்பாடு குறையும், மாத்திரை மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் வெயிலால்தான் என்று விட்டுவிடாமல் சுகரைப் பாருங்கள்.

தண்ணீரில் கோட்டை விடுவது

நம் கடற்கரைக்கு இது தனிப் பிரச்சினை. பல தெருக்களில் குழாயில் வருவது உப்புத்தண்ணீர், நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிறோம். அதனால் அளந்து குடிக்கும் பழக்கம் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்த ஊசிகள் பசியோடு தாகத்தையும் மறக்கடிக்கக்கூடும். சித்திரை வெயிலில் வியர்வை ஒரு பக்கம், ஊசியால் வாந்தி பேதி இன்னொரு பக்கம் என்றால் சிறுநீரகம் திணறிப்போகும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதோடு முதுகுவலி என்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வாந்தி வரும்போது ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். வாய் வாயாகக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். உப்புத்தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும். கால் பாக்கெட்டைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போட்டு ஆற்றுவதும் சரியில்லை. சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்தாலோ, அரை நாளாகப் போகவே இல்லை என்றாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்கள் சறுக்குவது கல்யாண வீட்டில். பிரியாணி, மேலே தொதல், நடுவில் "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று உபசாரம். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஏற்கெனவே மெதுவாக நகரும் வயிற்றில் ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கும். மாற்றிய முதல் மாதமாவது வறுவலை விட்டுவிட்டுக் குழம்பு மீன், அவித்த முட்டை, கஞ்சி என்று இருங்கள். மீனை விட வேண்டாம். சாப்பாடு குறையும்போது புரதம் குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும். கருவாட்டைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம். முதல் ஏப்பத்தில் கையைக் கழுவிவிடுங்கள், சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள். படகில் கடலுக்குப் போகிறவர்கள் ஊசிக் கிழமையைக் கடலுக்குப் போகும் நாளிலிருந்து தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. அலையோடு குமட்டலும் சேர்ந்தால் சமாளிக்க முடியாது. நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்குள் மருந்தை மாற்றுவதையும் டோஸை ஏற்றுவதையும் தவிர்த்து, சில வாரம் முன்பே டாக்டரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பென்னை ஐஸ் பெட்டியில் வைப்பது

திறக்காத பென் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவரும்போது மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்கு நடுவே புதைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஐஸ் பட்டு உறைந்த மருந்து கெட்ட மருந்து, உருகினாலும் சரியாகாது. துணி சுற்றிய ஐஸ் பேக், அதற்குத் தள்ளிப் பென், அவ்வளவு போதும். விமானத்தில் வருகிறவர்கள் கைப்பையில் வையுங்கள், கீழே போடும் பெட்டியில் உறைந்துபோகலாம். ஒரே டோஸ் உள்ள மவுஞ்சாரோ பென்னை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 21 நாள்வரை வெளியே வைக்கலாம் என்கிறார்கள். வைகாசியில் ஏசி இல்லாத வீட்டில் அப்படி ஓர் இடம் இங்கே ஏது? கெட்டுப்போன பென்னைப் போட்டுவிட்டு "இது வேலை செய்யலை" என்று டோஸை ஏற்றி, அடுத்து நல்ல பென் வந்ததும் அதே ஏற்றிய டோஸைப் போட்டு அவதிப்படுவது தனிக்கதை.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலியோடு கண் மஞ்சளானால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். திடீரென்று பார்வை மங்கினாலும் காத்திருக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் இருப்பவர் மதுரை டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டுக்காக நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே முதலில் போகலாம். பென் அட்டையையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் கொண்டுபோங்கள். ஆபரேஷனோ எண்டோஸ்கோப்பியோ என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் மவுஞ்சாரோவுக்கு மாறினால் முதல் நான்கு வாரமும், டோஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் அடுத்த நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

ஊசி மாறியதும் பழைய பென்னில் மிச்சம் இருக்கும். "வீணாப் போகுதே" என்று கொழுந்தியாளிடமோ தம்பியிடமோ தள்ளிவிடாதீர்கள். புது நீடில் மாட்டினாலும் ஒருவர் போட்ட பென் இன்னொருவருக்கு ஆகாது, ரத்தம் வழியாகத் தொற்று போகும். அவர் குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த மருந்துகளே அவருக்குக் கூடாது.