மெமோ வந்த அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

பிப்ரவரியில் ஒரு மாலை, கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். டிகிரி முதலாண்டு. அவனுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் கல்லூரியில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். "பதில் எழுதிட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லயே ஒரு பேப்பர் எழுதி வெச்சிருந்தாங்க சார். கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

"என்ன எழுதியிருந்தது?"

"மலையாளத்துல இருந்துச்சுங்க. கை எழுத்து. படிக்கத் தெரியல."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 1994-ல் நான் செய்தது அப்படியே இதுதான்.

பரீட்சைக்குப் பிட் கொண்டுபோகாதே, ஹாஸ்டலில் குடிக்காதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருடம் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். சின்னத் தவறு செய்த பிள்ளைகள், மெமோ வாங்கிய பிறகு பதற்றத்தில் செய்யும் காரியத்தால் பெரிய தண்டனை வாங்கிப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இது.

பிறர் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவது

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை வெளியாருக்குச் சட்டென்று புரியாது. தமிழ் வழியில் பள்ளி முடித்திருப்போம். மலையாளம் தண்ணீர் மாதிரிப் பேசுவோம், பஸ் போர்டும் கடைப் பலகையும் வாசிப்போம். ஒருவர் வேகமாகக் கையால் எழுதிய மலையாளத்தை வைத்தால் நாலு வரி தாண்டாது. இவ்வளவு நன்றாகப் பேசுகிற பையனுக்கு வாசிக்கத் தெரியாது என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றவே தோன்றாது. நமக்கும் சொல்ல வெட்கம்.

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. ஓணக் கொண்டாட்டத்தன்று வராந்தாவில் தள்ளுமுள்ளு நடந்து அறிவிப்புப் பலகையின் கண்ணாடி உடைந்தது. நான் அங்கே நின்றேன், கத்தினேன். கண்ணாடியைத் தொடவில்லை. மறுநாள் மூன்று பேரை அழைத்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு தாளை ஆசிரியர் ஒருவர் வாசித்துக் காட்டினார். கடைசி வரி இன்னும் காதில் இருக்கிறது: "மேற்பறஞ்ஞ காரியங்ஙள் ஞான் சம்மதிக்குன்னு."

தமிழ்க் காதுக்குச் 'சம்மதம்' என்றால் இசைவு. விசாரணைக்கு வரச் சம்மதமா என்று கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். மலையாளத்தில் அதே சொல்லுக்கு ஒப்புக்கொள்வது என்ற பொருளும் உண்டு. குற்றம் சம்மதித்தான் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். மூன்று பேரும் சேர்ந்து கண்ணாடியை உடைத்தோம் என்று நான் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

ஒப்புக்கொண்ட பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? சாட்சி இல்லை, கேள்வி இல்லை, பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அந்த வருடத் தேர்வு எழுத விடவில்லை. தென்னந்தோப்பில் கூலி வேலை செய்த அப்பா அந்த ஒரு வருடத்துக்கு மறுபடி பணம் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தாளை வாசித்துக் காட்டியவர் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. "எனக்கு வாசிக்கத் தெரியாது, நாளை வருகிறேன்" என்று சொல்லாமல் நின்றேனே, அது மட்டும் இன்றும் ஆறவில்லை.

"மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இத்தோடு முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும், சொல்பவர் உங்கள் நல்லதுக்கே சொன்னாலும், அந்தத் தாள் உங்கள் ஃபைலில்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு சின்னப் பிரச்சினை வந்தால் முதலில் எடுத்து வாசிப்பது அதைத்தான். குழுவில் நானே அப்படி வாசித்திருக்கிறேன்.

அதற்காகச் செய்ததை மறைக்கச் சொல்லவில்லை. செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் கையால், உங்களுக்குத் தெரிந்த மொழியில், நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். "கத்தினேன், அது தவறு. கண்ணாடியை உடைக்கவில்லை, உடைத்தவரைப் பார்க்கவும் இல்லை." இவ்வளவு போதும். 'நாங்கள்' என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லில் நாலு பேர் செய்ததும் உங்கள் தலையில் விழும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதி அதிகாரிகளிடம் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் கூடவே ஒரு மலையாள மொழிபெயர்ப்பை இணைத்துக் கொடுங்கள். வாசிப்பவருக்கு எளிதாக இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால்? அன்றே, முடியாவிட்டால் மறுநாள், எழுதிக் கொடுங்கள்: எனக்கு மலையாளக் கையெழுத்து வாசிக்க வராது, பொருள் புரியாமல் ஒப்பமிட்டேன், என் விளக்கம் இது. வேலந்தாவளத்துப் பையனை அன்று இரவே உட்கார வைத்து எழுத வைத்தேன். காலையில் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் வாங்கி வந்தான். அவனைத் தனியாக அழைத்து விசாரித்தார்கள். எச்சரிக்கையோடு விட்டார்கள். பத்து நாள் கழித்து இதே கடிதத்தைக் கொண்டுபோயிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

புகார் கொடுத்தது யார் என்று தேடிப் போவது

வேண்டாம். சமாதானம் பேசத்தான் போனேன் என்றாலும் மிரட்டியதாகத்தான் பதிவாகும். பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அடம் பிடிப்பதிலும் பயன் இல்லை. 1973-ல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில், புகார் கொடுத்த மாணவிகளின் பாதுகாப்புக்காக அவர்கள் யாரென்று தெரிவிக்காமல் விசாரித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ராகிங்கைச் சீனியர் விளையாட்டு என்று எழுதுவது

விளக்கக் கடிதத்தில் "விளையாட்டுக்குச் செய்தோம்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மன்னிப்புக் கேட்பது இல்லை, ஒப்புதல் வாக்குமூலம். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதற்குப் பிறகு, தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆந்திரமும் அதே ஆண்டு, கேரளம் 1998-ல். கேரளச் சட்டப்படி எழுத்துப் புகார் வந்த ஏழு நாளுக்குள் கல்லூரித் தலைவர் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் சஸ்பெண்ட் செய்து, புகாரைப் போலீசுக்கு அனுப்பியாக வேண்டும். பிரின்சிபால் நல்லவர், விட்டுவிடுவார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாளையார் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2009 ராகிங் தடுப்பு விதிமுறை நாடு முழுக்கச் செல்லும். ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை ரஸ்டிகேஷன், அதாவது தற்காலிக நீக்கம், அதில் உண்டு. அதற்கும் மேலே, கல்லூரியை விட்டே நீக்கி, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு எங்கும் சேர முடியாமல் செய்வதும் உண்டு. செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் அந்த விதி சொல்கிறது. சும்மா நின்று பார்த்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வாதாடுவது

ஸ்கிரீன்ஷாட் குழுவின் மேசைக்கு உங்களுக்கு முன்பே வந்து சேரும்.

ஹாஸ்டல் விதியை ஒளிந்து மீறுவது

விதி நியாயமில்லை என்று தோன்றினால் எழுதி எதிர்க்கலாம். கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மொபைல் கூடாது என்றார்கள். ஒரு மாணவி உடன்படவில்லை, விடுதியை விட்டு அனுப்பப்பட்டார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது, விடுதியில் திரும்பச் சேர்த்தார்கள். ராத்திரி போர்வைக்குள் மறைத்து வைத்துப் பிடிபட்டிருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது.

'சித்தப்பா'வைக் கூட்டி வருவது

பெற்றோரை அழைத்து வா என்றால் பெற்றோரையே அழைத்து வாருங்கள். ஆட்டோக்காரர் சித்தப்பாவாக வந்தது தெரிந்த அன்று, குழுவில் இரக்கம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் கைவிட்டுவிடுவார்கள்.

பின்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று விடுவது

கேட்பார்கள். மத்திய அரசு வேலைக்கு நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில், எந்தப் பல்கலைக்கழகமாவது உங்களைத் தேர்வெழுதத் தடுத்ததா, ரஸ்டிகேட் செய்ததா என்று தனிக் கேள்வியே இருக்கிறது. பொய் எழுதினால் தகுதி போகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கும்.

நகல் கேட்காமல் இருப்பது

கேரளப் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஒரு மாணவர் போட்ட வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்வு முறைகேடு குற்றச்சாட்டு. விசாரணை அறிக்கையைத் தராமலே விளக்கம் கேட்டார்கள் என்பது அவருடைய குறை. அறிக்கை இல்லாமல் பதில் எழுத முடியாது என்றால் அப்போதே கேட்டிருக்கலாமே, இப்போது சொல்வது பின்யோசனை என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு. கேட்டதற்கு அத்தாட்சியாவது கையில் இருந்திருக்கும்.

அதனால் மெமோவோடு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: "தங்கள் மெமோவைப் பெற்றுக்கொண்டேன். புகாரில் என்னைக் குறித்துச் சொல்லப்பட்டவற்றின் நகலையும் மற்ற ஆவணங்களின் நகலையும் தந்து உதவ வேண்டுகிறேன். அவை கிடைத்த ஏழு நாளுக்குள் என் விளக்கத்தை எழுத்தில் தருகிறேன்." கீழே பெயர், வகுப்பு, தேதி. இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலகச் சீல் வாங்கி வீட்டில் வையுங்கள்.